விளக்கை அணைக்காமல்

மலேசியாவின் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் நொடிக்கு ஏறக்குறைய 3 முறை, ஒரே தாளத்தில் மின்னுகின்றன. தன் விளக்கையே ஏற்றி அணைக்கும் பூச்சி. கோல சிலாங்கூர் புக்கிட் மலாவத்தியில் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. பழைய பாணிக் கலங்கரை விளக்கத்தில் பெரும்பாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், லென்ஸ்தான் சுழலும். கண்ணாடி இழையில் செய்தி அனுப்பவும் இந்த இரண்டு வழிகள்தான்.

*

மின்மினிபோல லேசரையே ஏற்றி இறக்கினால் அதன் அலைநீளம் பிசகும். நெடுந்தூரம் போகும்போது துடிப்புகள் பரந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். ஆகவே லேசரை எரியவிட்டு, வெளியே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பண்பேற்றி வைக்கிறார்கள். லித்தியம் நையோபேட் படிகத்தில் மின்புலம் பட்டால் ஒளிவிலகல் எண் மாறும். ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையைத் தாமதப்படுத்திச் சேர்த்தால் இரண்டும் கூடும், அல்லது ஒன்றையொன்று அழிக்கும்.

*

மின்புலம் ஒளியை மாற்றுவதை 1875இல் ஜான் கெர் கண்டார். அதற்கு மூலக்கூறு அளவில் விளக்கம் தேடியவர்களில் திருவானைக்காவல் சி. வி. ராமனும் வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணனும் உண்டு, 1920களில், கல்கத்தாவில். என் டியூஷன் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

*

செயல்திறன்தான் எனக்குப் பிடித்த பகுதி. பழைய பண்பேற்றியில் ஒளி ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர் அகலத்துக்குப் பரவி ஓடும். மின்முனைகளை நெருக்கி வைத்தால் உலோகம் ஒளியை விழுங்கிவிடும். தள்ளி வைத்தால் புலம் மெலியும், வோல்ட் கூடுதலாக வேண்டும். நீளத்தைக் கூட்டி வோல்ட்டைக் குறைக்கலாம்தான். ஆனால் மின்னலை வழியிலேயே தேய்ந்துவிடும், ஒளியோடு கால் சேர்ந்தும் ஓடாது. வேகம் போய்விடும்.

2018இல் ஹார்வர்டும் பெல் ஆய்வகமும் வேறு படிகம் தேடவில்லை. அதே லித்தியம் நையோபேட்டை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான படலமாக எடுத்து, அதில் ஒளிக்கு வாய்க்கால் செதுக்கினார்கள். ஒளி இறுகியது, மின்முனைகள் நெருங்கின. 2 செ.மீ. நீளச் சாதனத்துக்கு 1.4 வோல்ட் போதுமானது. சாதாரண சில்லே நேரடியாக இயக்கிவிடும், இடையில் மின்பெருக்கி வேண்டாம். வோல்ட் பாதியானால் செலவாகும் ஆற்றல் கால்பங்காகும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

*

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து டியூஷனுக்கு வரும் ஐந்தாம் படிவ மாணவி கேட்டாள்: “ஒளிய வட்டமா சுத்தி சுத்தி வர விட்டா, அவ்வளவு நீளம் எதுக்கு சார்?”

வளையப் பண்பேற்றி அதுதான். மிகச் சிறிய இடம் போதும், மின்சாரமும் சொற்பம். ஆனால் வளையத்துக்கு ஒத்துவரும் அலைநீளத்தில்தான் வேலை செய்யும், சூடேறினால் அந்த அலைநீளமும் நகரும். அடுத்த வாரம் அவளுக்கு வளையத்தின் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும்.