பலா வெட்டு முடிந்த பிறகு பயணம்

மே, ஜூன் மாதங்களில் கும்பகோணம் சாலையில் போகிறவர்களுக்குப் பண்ருட்டி வந்துவிட்டதை மூக்கே சொல்லிவிடும். பணிக்கன்குப்பத்தில் சாலையோரம் பலாப்பழம் மலை மாதிரிக் குவிந்து கிடக்கும். ஒரு பக்கம் லாரியில் ஏற்றுவார்கள். இன்னொரு பக்கம் சுளை உரித்துக் கார்களை நிறுத்தி விற்பார்கள். காடாம்புலியூர், பத்திரக்கோட்டை, மாளிகம்பட்டு என்று உள்ளே போகப் போகச் செம்மண் கொல்லைகளில் பலாவும் முந்திரியும்தான்.

அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் மர நிழலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் பேச்சில் முதலில் வருவது காய் விலை. அடுத்து வருவது பிள்ளைகள். ஒருவர் மகன் சிங்கப்பூர், ஒருவர் மகள் அமெரிக்கா, ஒருவர் மருமகன் துபாய். "ஒரு தடவை வந்துட்டுப் போங்கப்பா" என்று பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். போகலாம்தான். ஆனால் எந்த விசா, எத்தனை நாள், தோப்பை யார் பார்ப்பது? இந்த மூன்று கேள்விகளிலேயே பல பயணங்கள் வருடக்கணக்கில் தள்ளிப்போகின்றன.

கடல் கடந்த உறவு இந்த ஊருக்குப் புதிதல்ல. முந்திரியே 16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்த மரம். இதே கடலூர் மாவட்டத்தின் பரங்கிப்பேட்டை அந்தக் காலத்துத் துறைமுகம். இன்றைக்கும் பண்ருட்டி முந்திரி ஆலைகளுக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை வருகிறது. பண்டம் போய்வரும் வழியில் மனிதர்கள் போய்வர மட்டும் கொஞ்சம் காகித வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

மரம் விடுப்புக் கொடுக்கும் மாதங்கள்

பயணத் தேதியை டிக்கெட் விலை பார்த்து முடிவு செய்வது நகரத்து வழக்கம். தோப்பு வைத்திருப்பவர் முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். முந்திரி மார்கழி, தை மாதங்களில் பூக்கிறது. தளிர்விட்டுப் பூத்துப் பிஞ்சு பிடிக்கும் வரை தேயிலைக் கொசுவின் தொல்லை இருக்கும். அந்த நேரத்தில் பத்து நாள் கவனிக்காமல் விட்டாலும் பூங்கொத்து கருகிவிடும். மார்ச் முதல் மே வரை கொட்டை பொறுக்கும் காலம். பலா மார்ச்சில் தொடங்கி ஜூலை வரை வெட்டு. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். டிசம்பர் வரை புயல் பயம் இருக்கும்.

மிச்சம் இருப்பது ஜூலைக் கடைசி முதல் செப்டம்பர் முடிய. பலா வெட்டு முடிந்து, காய்ந்த கிளைகளைக் கழித்து, முந்திரிக்கு ஜூன், ஜூலையில் வைக்க வேண்டிய உரத்தையும் வைத்துவிட்டால் ஏறக்குறைய இரண்டு மாதம் மனசு நிம்மதியாகப் போய்வரலாம். கையில் காசும் இருக்கும். அடுத்த தவணை உரம் அக்டோபர், நவம்பரில்தான்.

எந்த நாடு, எத்தனை நாள்?

இந்த இரண்டு மாதத்துக்குள் அடங்கும் பயணங்களில் எளிதானது மலேசியா. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் சுற்றுலாவாகவும் உறவினரைப் பார்க்கவும் விசா இல்லாமலே 30 நாள் வரை போய்வரலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையைப் பூர்த்தி செய்தால் போதும். அதற்குக் கட்டணம் இல்லை.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும். அங்கே இருக்கும் பிள்ளை மூலமாகவோ, இங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலமாகவோ விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர்தான். முகவர் அதற்கு மேல் கேட்பது அவருடைய சேவைக் கூலி. எத்தனை நாள் தங்கலாம் என்பதைப் போய் இறங்கும்போது குடிநுழைவு அதிகாரி முடிவு செய்வார். பெற்றோர் நீண்டகாலம் தங்குவதற்குத் தனி அனுமதி உண்டு. ஆனால் வேலை அனுமதியில் இருக்கும் பிள்ளைக்கு மாதச் சம்பளம் குறைந்தது 12,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும்.

அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசா கிடைத்தால் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்குத் தருகிறார்கள். இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 10 ஆண்டு என்பது போய்வருவதற்கான காலம். ஒரு தடவை போனால் எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்து அதிகாரி சொல்வார். வழக்கமாக ஆறு மாதம் வரை. ஆறு மாதம் கொடுத்தார்கள் என்பதற்காக ஆறு மாதமும் இருந்தால், ஆகஸ்டில் போனவர் திரும்பும்போது முந்திரிப் பூ கருகியிருக்கும். நேர்காணல் தேதி கிடைக்கத் தாமதமாகலாம். அதனால் பயணத்துக்குப் பல மாதம் முன்பே விசா வேலையை முடித்து வைத்துவிட்டு, டிக்கெட்டை மட்டும் மரத்தைப் பார்த்து எடுப்பது நல்லது.

கனடாவில் பெற்றோர், தாத்தா பாட்டிக்கென்றே 'சூப்பர் விசா' இருக்கிறது. ஒரே தடவையில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். பிள்ளைக்குக் குறிப்பிட்ட அளவு வருமானம் இருக்க வேண்டும். பெற்றோருக்கு மருத்துவப் பரிசோதனையும், குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

இந்த விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறும். டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் பிள்ளைகளை ஒரு தடவை பார்க்கச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். புதிதாக எடுப்பவர்களுக்குப் புதுச்சேரியில் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய்.

திரும்பி வருவாரா?

விசா அதிகாரி எத்தனை கேள்வி கேட்டாலும், அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இவர் திரும்பித் தன் ஊருக்குப் போவாரா? அமெரிக்கச் சட்டப்படி, திரும்புவார் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு விண்ணப்பிப்பவருக்கே. சம்பளக்காரர் அலுவலகக் கடிதம் காட்டுவார். விவசாயிக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். காய்க்கிற தோப்பே இருக்கிறது. ஆனால் அதைக் காகிதத்தில் காட்டத் தெரிய வேண்டும்.

பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றும் விண்ணப்பிப்பவர் பெயரிலேயே இருக்க வேண்டும். இறந்துபோன அப்பா பெயரிலேயே பட்டா கிடப்பது இந்தப் பக்கத்தில் சாதாரணம். விசா எடுப்பதற்கென்று இல்லாவிட்டாலும் அதை மாற்றிவிடுவது நல்லது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பதால் பலர் கணக்கே தாக்கல் செய்வதில்லை. வரி இல்லாவிட்டாலும் விவசாய வருமானத்தைக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்யலாம். அது நல்ல சான்றாகும். மண்டியில் காய் போட்ட பணத்தை முழுவதும் ரொக்கமாக வாங்காமல் வங்கி வழியாக வாங்கினால், கணக்குப் புத்தகமே வருமானத்தைச் சொல்லும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் யாரிடமோ கைமாற்று வாங்கி ஐந்து லட்சம் போட்டு வைத்தால், அது உதவுவதைவிடச் சந்தேகத்தையே கிளப்பும்.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தமிழிலேயே பதில் சொல்லலாம். அங்கே 'பேரனைப் பார்க்கப் போறேன்' என்பதற்கும் 'பேரனைப் பார்த்துக்கப் போறேன்' என்பதற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது உறவுப் பயணம். இரண்டாவது, ஆயா வேலைக்குப் பதிலாகப் போவதுபோல் அதிகாரி காதில் விழலாம். சுற்றுலா விசாவில் எந்த வேலையும் செய்யக் கூடாது. உண்மையை, கேட்டதற்கு மட்டும், சுருக்கமாகச் சொல்வதே வழி. எத்தனை மரம் இருக்கிறது, எந்த மாதம் வெட்டு என்று கேட்டால் பண்ருட்டிக்காரர் தடுமாற மாட்டார்.

தோப்பை யாரிடம் விட்டுப் போவது?

பலாவையும் முந்திரியையும் மரத்திலேயே மகசூல் குத்தகைக்கு விடுவது இங்கே பழக்கம்தான். பேரப்பிள்ளை பிறப்பு பருவம் பார்த்து வராது. வெட்டு நேரத்திலேயே போக வேண்டி வந்தால் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் எழுத்தில் வேண்டும். எந்தச் சர்வே எண், எத்தனை மரம், எந்தத் தேதி வரை, மருந்து அடிப்பது யார், பணம் எத்தனை தவணை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதில்தான் பெரிய ஆபத்து. தோப்பைப் பராமரிக்கவும் விளைச்சலை விற்கவும் மட்டும் என்று குறிப்பிட்ட தனி அதிகாரப் பத்திரமே போதும். நிலத்தை விற்கும், அடமானம் வைக்கும் உரிமையைச் சொந்தக்காரருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனின் தவணைத் தேதி பயணத்துக்கு நடுவில் வந்தால், முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். தேதி தவறினால் வட்டியில்லாச் சலுகை போய்விடும்.

அங்கேயே தங்கிவிடுவது

கடைசிக் காலத்தை வெளிநாட்டிலேயே கழிப்பதற்கு விசா தரும் நாடுகளும் உண்டு. தாய்லாந்தில் 50 வயது முடிந்தவர் 8 லட்சம் பாட் வங்கியில் வைத்தோ, மாதம் 65,000 பாட் வருமானம் காட்டியோ ஓராண்டு விசா பெற்றுப் புதுப்பிக்கலாம். அது நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல். மலேசியாவின் 'இரண்டாவது இல்லம்' திட்டத்தில் வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும். 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாமல் அங்கே வீடும் வாங்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 55 வயதைத் தாண்டி ஓய்வு பெற்றவருக்கு ஐந்தாண்டு விசா கிடைக்கிறது. அதற்கு 10 லட்சம் திர்ஹாம் சேமிப்போ, அதே மதிப்பில் சொத்தோ, நிலையான மாத வருமானமோ காட்ட வேண்டும். அந்தச் சேமிப்பு 2 கோடி ரூபாயைத் தாண்டும்.

இந்தத் தொகைகளைக் கேட்டதும் 'நிலத்தை வித்துட்டா முடிஞ்சிது' என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கேதான் நிதானம் வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிட்டவர் ஏற்கெனவே உள்ள விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வாரிசாகப் பெறலாம். ஆனால் புதிதாக விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. பி.எம். கிசான் உதவித்தொகையும் கிடையாது. அதாவது, விற்றுவிட்டுப் போய், அந்த ஊர் ஒத்துவராமல் மனம் மாறினால், அங்கே இருந்துகொண்டே ஒரு செண்ட் கொல்லைகூட வாங்க முடியாது. முதலில் இரண்டு மூன்று தடவை குறுகிய பயணம் போய், அங்கத்துக் குளிரும் தனிமையும் மருத்துவச் செலவும் தாங்குமா என்று பார்த்த பிறகு முடிவெடுப்பதே சரி.

பையில் என்ன போகலாம்?

பலாப்பழத்தை விமானத்தில் கொண்டுபோக நினைக்க வேண்டாம். வாசனைக்காக விமான நிறுவனமே தடுக்கும்; பல நாடுகள் பழம், விதை, கன்று எதையும் உள்ளே விடாது. வறுத்து, ஆலையில் அடைத்து முத்திரையிட்ட முந்திரிப் பருப்பும் பலா சிப்ஸும் கொண்டுபோகலாம். ஆனால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இறங்கும்போது படிவத்தில் குறிப்பிட வேண்டும், மறைத்தால் அபராதம். வளைகுடா, சிங்கப்பூர் போகிறவர்கள் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும்.

திரும்பும்போதும் ஒரு கட்டுப்பாடு உண்டு. தாய்லாந்துப் பலாவைப் பார்த்ததும் ஒரு கிளையையாவது கொண்டுவந்து ஒட்டுக்கட்ட ஆசை வரும். அனுமதி இல்லாமல் கன்றோ விதையோ கொண்டுவருவது சட்டப்படி தவறு. அதைவிட, கூடவே வரும் பூச்சிதான் பயம். 2016-ல் பொள்ளாச்சியில் முதலில் தென்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். தென்னை விவசாயிகள் இன்னும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். நல்ல ரகம் வேண்டுமென்றால் பக்கத்தில் பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் பலா ரகங்களும், விருத்தாசலம் நிலையத்தின் முந்திரி ரகங்களும் இருக்கின்றன.

2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் அடித்தபோது இந்தப் பக்கத்துத் தோப்புகள் ஒரே நாளில் சாய்ந்தன. நிலத்தை விற்காமல் ஒட்டுக்கன்று வாங்கி நட்டவர்களின் மரங்கள்தான் இன்றைக்குப் பணிக்கன்குப்பத்துச் சாலையோரத்தை நிரப்புகின்றன. அந்த மரங்கள் கொடுத்த காசில் டிக்கெட் எடுத்து, ஆகஸ்டில் போய், பேரன் பேத்தியோடு ஐம்பது நாள் இருந்துவிட்டு, புரட்டாசிக் கடைசியில் பண்ருட்டியில் வந்து இறங்கினால், அடுத்த உரத்துக்கு மழை சரியாக இருக்கும்.