ஓட்டைக் கட்டில்

டாக்கா, மொஹாகாலி. ஏப்ரல் வெயில். பேதி மருத்துவமனைக்குள் ஒருவர் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவருகிறார். தம்பிக்கு இருபது வயதிருக்கும். கண்கள் குழிக்குள் போய்விட்டன. விரல்நுனிகள் சுருங்கிக் கிடக்கின்றன.

செவிலியர் வயிற்றுத் தோலைக் கிள்ளி விடுகிறார். மடிப்பு அப்படியே நிற்கிறது. ஆப்பிரிக்க நாடொன்றிலிருந்து பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் மருத்துவர் மணிக்கட்டில் நாடி தேடுகிறார்; கிடைக்கவில்லை. செவிலியர் அவர் விரல்களைப் பிடித்துக் கழுத்தோரம் வைத்துக் காட்டுகிறார். இருவருக்கும் பொதுவாயிருப்பது கொஞ்சம் ஆங்கிலம். இந்த நேரத்தில் அதுவும் தேவைப்படவில்லை.

சலைன் ஓடத் தொடங்குகிறது. எடையில் கிலோவுக்கு 100 மில்லி, 3 மணி நேரத்துக்குள். அதில் 30 மில்லி முதல் அரை மணியிலேயே இறங்கிவிட வேண்டும்.

கட்டிலின் நடுவே ஓர் ஓட்டை; அதன் நேர்கீழே வாளி. கழுநீர் நிறத்தில் பேதி இறங்கியபடி இருக்கிறது. மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகக்கூடிய நோய், காலரா. ஊழியப் பெண் வாளியை வெளிச்சத்துக்கு இழுத்துக் கோடு எங்கே நிற்கிறதென்று பார்க்கிறார், தாளில் எழுதுகிறார். முகம் சுளிக்கவில்லை. எவ்வளவு போனதோ அவ்வளவும் உள்ளே திரும்பியாக வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு நாடு தனியாகப் போட்டுவிடவில்லை. 1968-இல், இந்த நாடு கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தபோது, இங்கிருந்த காலரா ஆய்வுக்கூடத்தில் அமெரிக்கர்களான டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும், வங்காளிகளான ரஃபிகுல் இஸ்லாமும் மஜீத் மொல்லாவும் 29 நோயாளிகளின் படுக்கையோரம் நின்றார்கள். உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரை, பேதி போகப் போகக் குடிக்கவைத்தார்கள். ஏற்றவேண்டிய சலைனில் ஐந்தில் நான்கு பங்கு மிச்சமானது. காலரா நச்சு குடலைக் கொட்டவைக்கும். ஆனால் குளுக்கோஸோடு சேர்ந்து உப்பு உள்ளே போகும் வாசலை அதனால் மூட முடியாது. உப்புப் போனால் நீரும் பின்னாலேயே போகும். மூன்று ஆண்டு கழித்து, எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தியாவின் பங்காவ் அகதி முகாமில் சலைன் தீர்ந்துபோன வேளையில், மருத்துவர் திலீப் மகலானபிஸ் இந்தக் கரைசலை அம்மாக்களின் கையிலும் அக்காக்களின் கையிலும் கொடுத்தார். 100-க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது.

1994-இல் இன்றைய காங்கோவின் கோமா நகரில் ருவாண்டா அகதிகள் காலராவால் ஆயிரக்கணக்கில் மடிந்தபோது டாக்காவிலிருந்து ஒரு குழு போனது. உதவிக்கு உலகமே அங்கே திரண்டிருந்தது. ஆனால் பல முகாம்களில் நீரேற்றிய வேகம் போதவில்லை. குடிக்கக் கொடுத்ததும் போதவில்லை. வாளியோடு பழகிய கைகள் வேண்டியிருந்தன. பணக்கார நாடு கற்றுக்கொடுக்கும், ஏழை நாடு கற்றுக்கொள்ளும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இந்த வார்டில் ஒரு பகல் நிற்கட்டும்.

வெயில் சாய்ந்துவிட்டது. பையன் சிறுநீர் கழித்திருக்கிறான். நாடி மணிக்கட்டிலேயே தட்டுப்படுகிறது. அந்த இளம் மருத்துவர் விரலை எடுக்க மனமில்லாமல் வைத்திருக்கிறார். அண்ணன் கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டியபடி செவிலியரிடம் கேட்கிறார்:

“ஆபா, சோறு கொடுக்கலாமா?”

“பசிக்குதுன்னா இப்பவே கொடுங்க. இந்தக் கரைசலை மட்டும் நிறுத்திடாதீங்க.”

மருத்துவர் என்னவென்று கேட்கிறார். செவிலியர் ஆங்கிலத்தில் சொல்கிறார். அவர் குறிப்பேட்டைத் திறந்து அதையும் எழுதிக்கொள்கிறார்.