பச்சை நாரும் களிமண்ணும்

எமது வீட்டில் அப்பா ஓர் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார் வைத்திருந்தார். பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அருகிப்போன 1990களில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கிவிட்டு, பின்னர் மண்ணெண்ணெயிலேயே யாழ்ப்பாணத்துக் கார்கள் ஓடியதை எம்மவர் மறந்திரார். அந்தக் காரை அப்பா ஈரத் துணியால் மெல்லத் துடைப்பார். அழுத்தித் தேய்க்க எவரையும் விடமாட்டார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது அது முற்றத்திலேயே நின்றுவிட்டது.

அடுத்த ஆண்டு நான் நியூ ஜேர்சிக்கு அகதியாக வந்து சேர்ந்தேன். இம்மாநிலத்தில் சாரதிகள் தாமே பெற்றோல் நிரப்பிக்கொள்ள 1949ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இடங்கொடுப்பதில்லை. அச்சட்டமே எனக்கு முதல் வேலையைத் தந்தது. நிரப்பிச் சேர்த்த பணத்தில் பாவித்த வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினேன். சில ஆண்டுகளின் பின் அம்மாவுக்கு விசா கிடைத்தபோது, பயணச்சீட்டுக்காக அதை விற்க முடிவு செய்தேன்.

எத்தனை தடவை கழுவினாலும் காரின் மேற்பரப்பு சொரசொரத்தது. ஆங்காங்கே செம்புள்ளிகள் தெரிந்தன. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். காய்ந்த பின் பார்த்தால் பொனற் முழுவதும் கீறல்கள்! வாங்க வந்தவர் 300 டொலரைக் குறைத்துவிட்டார். அத்தொகையை மீண்டும் சேர்க்க ஒரு மாதம் சென்றது. அந்த ஒரு மாதமும் அம்மா கொழும்பில் லொட்ஜ் ஒன்றிலே, பொலிஸ் பதிவுக்கும் சுற்றிவளைப்புக்கும் அஞ்சியபடி தனியே காத்திருந்தார்.

அச்செம்புள்ளிகள் சாதாரண அழுக்கல்ல என்பதைப் பின்னரே அறிந்தேன். வாகனங்களின் பிறேக்கிலிருந்தும் புகையிரதத் தண்டவாளங்களிலிருந்தும் பறக்கும் நுண்ணிய இரும்புத் துகள்கள் வர்ணப்பூச்சில் பதிந்து துருப்பிடிக்கின்றன. சவர்க்கார நீர் அவற்றை அசைக்காது. இதற்கென ஜப்பானியர் கண்ட கருவியே, பிசையத்தக்க ஒருவகைக் களிமண். நுண்ணிய அராவுதுகள் கலந்த அக்களிக்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. நான் நாரைக் கையிலெடுத்த நாளில் அது இந்நாட்டில் விற்பனையாகிக்கொண்டுதான் இருந்தது. அறியாதிருந்தவன் நானே.

அண்மையில் என் மகன் தனது முதற் காரை வாங்கினான். நிறம் கறுப்பு. "அப்பா, இதற்கு எதை வாங்குவது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

முதலில் காரைக் கழுவி, கையை மெல்லிய பிளாஸ்ரிக் பையினுள் இட்டு மேற்பரப்பைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாயின் எதுவும் வேண்டாம். சொரசொரப்பாயின், இரும்பைக் கரைக்கும் திரவத்தை நிழலில் வைத்துத் தெளியுங்கள். துகள் உள்ள இடம் ஊதா நிறமாகும். காயுமுன் கழுவிவிடுங்கள். எஞ்சியதற்கே களிமண். அது மென்மை, நடுத்தரம், கடுமை எனப் பல தரங்களில் உண்டு. கறுப்புக் காரில் சிறு கீறலும் பளிச்செனத் தெரியுமாதலால் மென்மையானதையே தெரிவு செய்யுங்கள். வழுக்குத் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் நகர்த்துங்கள். அழுக்கேறியதும் மடித்துப் பிசையுங்கள். நிலத்தில் விழுந்தால், ஒட்டிய மணல் கீறுமாதலால், எறிந்துவிடுங்கள். களிமண்ணுக்குப் பதிலாக வரும் செயற்கைக் கையுறையோ விழுந்தாலும் கழுவிப் பாவிக்கத்தக்கது. பெரிய வாகனத்துக்கு வேகமானது. எதைப் பாவித்தாலும் முடிவில் மெழுகு பூசுங்கள். ஆயினும் கீறல்களைக் களிமண் நீக்காது.

எளிய கருவியில் தொடங்கி, அது போதாதபோது மட்டும் அடுத்ததை எடுப்பதே முறை. நான் கடுமையானதில் தொடங்கினேன்.

அம்மா வந்திறங்கிய அன்றிரவு, தாமதத்தின் காரணத்தை மறைக்காமல் சொன்னேன். லொட்ஜில் கழிந்த நாட்களைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சிறிது நேரம் என்னைப் பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்:

"அப்பா உனக்கு ஈரத் துணி பிடிக்கத்தானே காட்டித் தந்தவர்?"