ஸ்பீக்கர் ஒயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தால் போதும், மிக்ஸி ரிப்பேர் முதல் இன்வெர்ட்டர் பேட்டரி வரை எல்லாக் கேள்வியும் நம்மிடம்தான் வரும். உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கு வந்த கேள்வி ஸ்பீக்கர் ஒயர் பற்றியது. கேட்டவர் என் மாமா.

மாமா ஒரு காலத்தில் திருச்சியில் கேசட் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர். பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் காத்திருந்து கேசட் வாங்கிப் போன தலைமுறைக்குப் பதிவு செய்து கொடுத்தவர். டேப் கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் கண்டுபிடித்துவிடுவார். அறுபது வயதில், சேர்த்து வைத்த காசில் 3 லட்சத்துக்கு ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கினார். கடையில் சொன்னார்களாம்: "சார், மொத்த விலையில 10 சதவீதமாவது ஒயருக்குப் போடணும். காது உள்ளவங்களுக்கு வித்தியாசம் தெரியும்."

அதாவது 30,000 ரூபாய். அந்தக் கடைசி வாக்கியம்தான் மாமாவைக் குடைந்தது. "மாப்ள, எனக்குத் தெரியலைன்னா என் காது போச்சுன்னு அர்த்தமாடா?"

சரி, கணக்குக்கு வருவோம். ஆம்பிளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு 5 மீட்டர். போக, வர 10 மீட்டர் செம்பு. வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் என்றால் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.07 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். ஒயரில் போகும் இழப்பு 0.1 டெசிபலுக்கும் கீழே.

அப்போ எந்த ஒயரும் ஓகேவா? இல்லை. ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் 8 ஓம் பேருக்குத்தான். சில அலைவரிசைகளில் அது 4 ஓமுக்கு இறங்கும், சிலவற்றில் 20 ஓமைத் தாண்டும். 0.5 ஸ்கொயர் எம்.எம். மெல்லிய ஒயர் போட்டால் அதே தூரத்துக்கு 0.34 ஓம். 4 ஓம் இருக்கும் இடத்தில் 0.7 டெசிபல் போகும், 20 ஓம் இருக்கும் இடத்தில் 0.15 தான் போகும். அதாவது பாட்டின் நிறமே லேசாக மாறும். ஆகவே தடிமன் முக்கியம். ஒயரின் மொத்த ரெசிஸ்டன்ஸ் ஸ்பீக்கர் இம்பீடன்ஸில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. தூரம் கூடினால் ஒயரும் தடிக்க வேண்டும்.

கடையில் சொல்லும் மற்ற காரணங்களையும் பார்ப்போம். ஆக்சிஜன் இல்லாத செம்பு: சாதாரண மின்கம்பிச் செம்போடு ஒப்பிட்டால் கடத்துதிறனில் வித்தியாசம் ஒரு சதவீத அளவுதான். ஸ்கின் எஃபெக்ட்: 20 கிலோஹெர்ட்ஸில் செம்பின் ஸ்கின் டெப்த் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், இந்தத் தடிமனில், இந்தத் தூரத்தில் அது பெரிய விஷயமே இல்லை. இரண்டு பக்க ஒயரும் ஒரே நீளம் வேண்டும் என்பது: 3 மீட்டர் வித்தியாசம் இருந்தாலும் சிக்னல் தாமதம் 15 நானோசெகண்ட் அளவுதான். நீங்கள் சோபாவில் ஓர் அங்குலம் நகர்ந்து உட்கார்ந்தால் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு தாமதம் வரும்.

இதையெல்லாம் பேப்பரில் எழுதிக் காட்டினேன். மாமா முழுசாகப் படித்துவிட்டு, "கணக்கு சரிடா. காது கேக்கட்டும்" என்றார். நியாயமான பேச்சு. கடையில் இரண்டு நாளைக்கு அந்த விலை உயர்ந்த ஒயரை டிரையலுக்குக் கொடுத்தார்கள். ஆம்பிளிஃபயருக்கு முன்னால் பெட்ஷீட் கட்டினேன். ஒவ்வொரு தடவையும் பவரை அணைத்து, காசு சுண்டி, எந்த ஒயர் என்று முடிவு செய்து மாட்டினேன். ஒரே பாட்டு, ஒரே வால்யூம், 12 சுற்று. மாமா 7 சரியாகச் சொன்னார். கேட்காமலே குத்துமதிப்பாகச் சொன்னாலும் 7 அல்லது அதற்கு மேல் வர 39 சதவீத வாய்ப்பு உண்டு. ஃபோர்த் செம் பிராபபிலிட்டி இங்கேதான் கை கொடுத்தது. மாமா ரிசல்ட் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இந்தச் சண்டை பழையது. 2007-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலை சொன்ன ஒரு ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரண கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை.

நீங்கள் வாங்கப் போனால் சில விஷயங்கள். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் மீட்டர் கணக்கில் கிடைக்கும். இரண்டையும் முறுக்கிப் போட்டால் இண்டக்டன்ஸும் குறையும். ரொம்ப மலிவான "ஸ்பீக்கர் ஒயர்" வாங்கும்போது ஜாக்கிரதை: அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசியது நிறைய வருகிறது. ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். அதே ரெசிஸ்டன்ஸுக்கு அது ஒன்றரை மடங்குக்கும் மேல் ஸ்கொயர் எம்.எம். கேட்கும். மாட்டும்போது பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாறினால் பேஸ் காணாமல் போகும். ஒரு இழைகூடப் பக்கத்து டெர்மினலைத் தொடக் கூடாது. ஷார்ட் ஆனால் போவது ஆம்பிளிஃபயர்.

மிச்சமாகும் காசை அறைக்குப் போடுங்கள். தரையில் கனமான கம்பளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்து வைப்பது: இவை தரும் மாற்றம் யார் காதுக்கும் கேட்கும். மாமா ஒயருக்குச் செலவழித்தது 800 ரூபாய்க்குள். இப்போது அவர் தன் பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். எந்த டெக் மெதுவாக ஓடுகிறது என்று இன்றும் அவர்தான் முதலில் சொல்கிறார்.