டினோஸ் தீவில் கண்ட நேர்த்திக்கடன்

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் பயணம் என்றாலே தலயாத்திரை என்று பழகிவிட்டவன் நான். ஆகவே, சென்ற ஆகஸ்டு மாதம் கிரேக்க நாட்டுத் தீவொன்றில் பத்து நாட்கள் தங்க வேண்டும் என்று மகன் அழைத்தபோது மனம் ஒப்பவில்லை. அவன் ஜெர்மனியில் பணிபுரிகிறான். விடுமுறைக்காக டினோஸ் என்ற தீவில் ஒரு வில்லாவை வாடகைக்குப் பேசி, எங்கள் இருவருக்கும் பயணச்சீட்டையும் அனுப்பிவிட்டான். “ஆடி வெள்ளியை விட்டுவிட்டு அங்கே போய் என்ன செய்வது?” என்று நான் முணுமுணுக்க, பேத்தியைப் பார்க்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக என் மனைவி பெட்டியைக் கட்டிவிட்டாள். ரசப்பொடியும் புளிக்காய்ச்சலும் பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டன.

ஏதென்ஸ் நகருக்கு அருகிலுள்ள ரஃபினா துறைமுகத்திலிருந்து கப்பலில் சென்றோம். ஈஜியன் கடலில் கோடைக்காலத்தில் வடக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்றுக்கு ‘மெல்டெமி’ என்று பெயர். அது எங்களைக் கரையிலேயே வரவேற்றது. நம் ஆடிக்காற்றுக்கு உடன்பிறந்தது என்றே சொல்லலாம். வில்லா என்றதும் மாளிகை என்று எண்ணிவிட வேண்டாம். சுண்ணாம்பு பூசிய கல்வீடு. முன்புறம் திராட்சைப் பந்தல். பின்புறம் சிறியதொரு நீச்சல் குளம். எதிரே மலைச்சரிவில், கல்லால் கோலம் போட்டதுபோல வேலைப்பாடு செய்த பழைய புறாக்கூண்டுகள். மகனும் பேத்தியும் குளத்திலேயே கிடந்தார்கள். நான் பந்தலின் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பஞ்சாங்கத்தைப் புரட்டியபடி பொழுதைக் கழித்தேன்.

உணவைப் பற்றி அஞ்சிக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. ஆகஸ்டு 15ஆம் நாள் அவர்களுக்கு மரியன்னையின் பெருவிழா. அதற்காக முதல் தேதியிலிருந்தே பக்தியுள்ளவர்கள் இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை விலக்கி விரதம் இருக்கிறார்கள். ஆதலால் கடைகளில் கொண்டைக்கடலையும், பெரிய வெள்ளை மொச்சையும், திராட்சை இலையில் மடித்த சோறும் தாராளமாகக் கிடைத்தன. (அவ்விரதத்தில் கணவாய்க்குத் தடையில்லை என்பது பிறகு தெரிந்தது. என் மனைவி அன்று முதல் ஒவ்வொரு பாத்திரத்தையும் எட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.)

13ஆம் தேதி மாலை, துறைமுகத்தை ஒட்டிய ஊருக்குச் சென்றோம். அங்கே குன்றின்மேல் பளிங்கினால் கட்டிய தேவாலயம் இருக்கிறது. 1822ஆம் ஆண்டில் பெலாகியா என்ற கன்னியாஸ்திரீயின் கனவில் மரியன்னை தோன்றி, தன் திருவுருவப் படம் நிலத்துள் புதைந்திருக்கும் இடத்தைச் சொன்னதாகவும், தோண்டியபோது 1823 ஜனவரியில் அது கிடைத்ததாகவும் வரலாறு. கனவில் வந்து, மண்ணுக்குள் இருக்கிறேன், எடுத்து வை என்று சொன்ன தெய்வங்கள் நம் பக்கத்தில் எத்தனை!

துறைமுகத்திலிருந்து ஆலயம் வரை ஏறக்குறைய 800 மீட்டர் ஏற்றம். இருமருங்கும் கடைகள். ஆள் உயர மெழுகுவத்திகள், தீர்த்தம் பிடிக்கும் சிறு குப்பிகள், மெல்லிய தகட்டில் கண், கை, கால், குழந்தை உருவங்கள். சமயபுரத்திலும் வைத்தீசுவரன் கோயிலிலும் நாம் உண்டியலில் சேர்க்கும் அதே உருவங்கள். என் மனைவி ஒரு கண்மலரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

சாலையின் ஓரமாக ஒரு நீளக் கம்பளம் விரித்திருந்தது. அது எதற்கென்று சற்று நேரத்தில் விளங்கியது. கப்பலிலிருந்து இறங்கியவர்களில் சிலர் அங்கேயே மண்டியிட்டு, ஆலயம் வரை முழங்காலாலேயே ஏறத் தொடங்கினார்கள். அவர்களில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். முழங்கைகளையும் ஊன்றி, பத்தடிக்கு ஒருமுறை நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். அவளுடைய மகன் போலும், முப்பது வயது இளைஞன், பத்தடி தள்ளி, அவளுக்கும் தனக்கும் தொடர்பில்லாதவன்போல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தான். அவன் முகத்தில் இருந்தது வெட்கம். அதை நான் நன்கறிவேன்.

1986ஆம் ஆண்டு. கும்பகோணத்தில் ஒரு கிளையில் இளம் அதிகாரியாக இருந்தேன். பெட்டகத்தின் இரு சாவிகளில் ஒன்று என் பொறுப்பு. ஒரு நாள் மாலை, ஐம்பது ரூபாய்க் கட்டு ஒன்று குறைந்தது, 5,000 ரூபாய். அந்நாளில் அது பெருந்தொகை. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. உறக்கம் போயிற்று. பதினொரு நாட்கள் கழித்து, வேறொரு கிளைக்கு அனுப்பிய பணத்தோடு அந்தக் கட்டும் சேர்ந்து போயிருந்தது தெரியவந்தது. அப்போதுதான் அம்மா சொன்னாள், சுவாமிமலையின் அறுபது படிகளையும் முழங்காலால் ஏறுவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று.

“என் வாடிக்கையாளர்களெல்லாம் வருகிற கோயில் அது. அதிகாரியின் தாயார் படிக்கட்டில் தவழ்ந்தாள் என்று ஊரெல்லாம் பேச வேண்டுமா?” என்று கேட்டேன். அம்மா பதில் பேசவில்லை. உண்டியலில் நூறு ரூபாய் போட்டுவிடும்படி கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். அத்துடன் கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். அதன்பின் தன் வேண்டுதல் எதையும் அவள் என்னிடம் சொன்னதில்லை.

டினோஸில் அந்த அம்மாள் பாதி வழி ஏறியதும், காலணி ஒன்று கழன்று சாலையில் உருண்டது. மகன் திரும்பிப் பார்த்தான். கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, காலணியை எடுத்தான். குனிந்து மற்றொன்றையும் கழற்றிக்கொண்டான். பிறகு அவள் கைப்பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவளுக்கு வெயில் படாதவாறு பக்கத்திலேயே நடந்தான். என் பேத்தி, “தாத்தா, அந்தப் பாட்டிக்கு வலிக்காதா?” என்று கேட்டாள். வலிக்கும் என்றேன்.

நாங்களும் மேலே சென்று, வரிசையில் நின்று வணங்கினோம். படம் முழுவதும் நகைகளால் மூடியிருந்ததால் திருமுகம் சரியாகத் தெரியவில்லை. கூரையிலிருந்து தொங்கும் விளக்குகளில் வெள்ளிக் கப்பல்கள் ஆடின. வாயிலருகே ஆரஞ்சு மர வடிவில் ஒரு காணிக்கை. பார்வையற்ற ஒருவர், கண் திறந்ததும் முதலில் காண்பதையே செய்து வைப்பதாக வேண்டிக்கொண்டாராம். மகன் எனக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தான். என் செவியில் பாதிதான் விழுந்தது.

வில்லாவுக்குத் திரும்பியதும் திருச்சியிலுள்ள என் தங்கையை அழைத்தேன். அங்கே இரவு பத்தரை. பதறிப்போய் எடுத்தாள். அம்மாவின் சுவாமிமலை வேண்டுதலைப் பற்றிக் கேட்டேன்.

“அதுவா! நீ அலுவலக வேலையாகத் தஞ்சாவூர் போயிருந்தாயே, அன்று விடியற்காலையிலேயே முடித்துவிட்டாள். கூட்டம் வருமுன் ஏறிவிட வேண்டும், அண்ணாவுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்றாள். நான்தான் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறினேன். முழங்கால் இரண்டும் தோலுரிந்துவிட்டது. சாயங்காலம் நீயே களிம்பு வாங்கி வந்து கொடுத்தாயே, மறந்துவிட்டாயா?”

களிம்பு வாங்கியது நினைவிருக்கிறது. வாசற்படியில் வழுக்கி விழுந்துவிட்டதாக அம்மா சொன்னாள். இந்த வயதில் பார்த்து நடக்க வேண்டாமா என்று அதற்கும் கடிந்துகொண்டேன்.