பழுதும் வினைச்சொல்லும்

'பேருந்து ரிப்பேர்' என்று தமிழர் கூறினால், பேருந்து ஓடவில்லை என்பதே பொருள். ஆங்கிலத்தில் பழுதை நீக்கும் செயலைக் குறித்த சொல், தமிழர் நாவில் பழுதையே குறிக்கலாயிற்று. கடன் வாங்கிய சொல் இவ்வாறு தலைகீழாவது மொழிகளுக்குப் புதிதன்று. ஆயின் இப்பொருளையே கேட்டு வளர்ந்த மாணவன் ஆங்கிலக் கட்டுரை எழுத அமரும்போது இடர்ப்படுகிறான். 'சால்வ்', 'ரிசால்வ்', 'மெண்ட்', 'ரெக்டிஃபை', 'ஃபிக்ஸ்' ஆகிய அனைத்திற்கும் 'தீர்', 'சரிசெய்' என்னும் இரண்டையே மனத்தில் பதித்துக்கொண்டவன், செருப்பை 'சால்வ்' செய்கிறான். அண்டைவீட்டாரின் பிணக்கை 'ரெக்டிஃபை' செய்கிறான். இலக்கணத்தில் வழுவில்லை, எனினும் சிவப்பு மை விழுகிறது. காரணம் அவனுக்கு விளங்குவதில்லை.

அவன் நோக்க வேண்டியது வினையை அன்று. கெட்டது யாது என்பதையே. கிழிந்த சட்டைக்கும் சரிந்த வேலிக்கும் 'மெண்ட்'. பொறிக்கும் கூரைக்கும் 'ரிப்பேர்'. எழுத்துப்பிழைக்கு 'கரெக்ட்'. 'ரெக்டிஃபை' நேரானது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. கோணலாகிப்போன முறையை நேராக்குவது அதன் வேலை.

'சால்வ்', 'ரிசால்வ்' இரண்டுக்கும் வேர் ஒன்றே. கட்டவிழ்த்தல் என்பது அதன் பொருள். சிக்கலை அவிழ்த்தல் என்று தமிழர் கூறுவதும் அஃதே. ஆனால் கணக்குக்கும் புதிருக்கும் விடை முன்னரே உண்டு. அதைக் கண்டுபிடிப்பதே 'சால்வ்'. பூசலுக்கு அத்தகைய விடை எங்கும் ஒளிந்திருப்பதில்லை. பத்து பூத்தே என்று மலேசியாவும் பெட்ரா பிராங்கா என்று சிங்கப்பூரும் அழைத்த பாறைத்தீவின் வழக்கில், 2008 மே 23 அன்று அனைத்துலக நீதிமன்றம் அத்தீவைச் சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள மிடில் ராக்ஸ் பாறைகளை மலேசியாவுக்கும் உரியன எனத் தீர்ப்பளித்தது. அத்தகைய தீர்ப்புக்கு 'ரிசால்வ்' பொருந்தும், 'செட்டில்' இன்னும் நன்கு பொருந்தும், 'சால்வ்' பொருந்தாது.

'ஃபிக்ஸ்' ஒரு பொல்லாத சொல். இறுகப் பொருத்துதல் அதன் அடிப்படை. திருமண நாளையும் 'ஃபிக்ஸ்' செய்யலாம், ஒழுகும் குழாயையும் 'ஃபிக்ஸ்' செய்யலாம். இப்பின்னைய பொருள் அமெரிக்கப் பேச்சில் வேரூன்றிப் பரவியது. முறையான கடிதத்தில் அது சற்றே இளக்காரமாக ஒலிக்கும். காற்பந்தாட்டத்தை 'ஃபிக்ஸ்' செய்தனர் என்றாலோ கதை வேறு. 1994இல் மலேசியக் காற்பந்தை உலுக்கிய கையூட்டு விவகாரத்தை அறிந்த எவரும், அங்கே ஏதோ பழுதுபார்க்கப்பட்டது என்று கருதார்.

இத்தனைக்கும், வேறுபாடு காண்பது தமிழ் மாணவனுக்கு அயலான பழக்கமன்று. கிழிசலைத் தைக்கிறோம், சாலையைச் செப்பனிடுகிறோம், கட்டுரையைத் திருத்துகிறோம், புண்ணை ஆற்றுகிறோம், விடுகதையை விடுவிக்கிறோம். எல்லாவற்றுக்கும் 'சரி பண்ணு' என்றே வீட்டில் கேட்டு வளரும் பிள்ளை முதலில் இழப்பது தமிழை. ஆங்கிலப் பிழை பின்னால் வருவது. மலாயும் இங்கே கைகொடுக்கும். நன்மை குறித்த 'பாய்க்' என்னும் சொல்லினின்று பழுதுபார்த்தலும், முடிவு குறித்த 'செலெசாய்' என்னும் சொல்லினின்று சிக்கல் தீர்த்தலும் அம்மொழியில் பிறக்கின்றன. அரிசி தீர்ந்தது, வழக்கும் தீர்ந்தது என்று சொல்லும் தமிழனுக்கு இது விளங்காதா?

ஆகவே வகுப்பில் ஒருபொருட் சொற்களின் பட்டியல் வேண்டியதில்லை. அறுந்த செருப்பு, தவறிய கூட்டல், இரு நண்பரின் மனத்தாங்கல் என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தமிழ் வினையை முதலில் கேட்டால் போதும். செருப்புக்குத் 'தைத்தல்' என்ற விடை வந்தபின், அங்கே 'சால்வ்' எழுத எந்தக் கையும் துணியாது.