சொந்த மைதானம்

றொசல்ல புகையிரத நிலையத்திற்கு மேலே, தேயிலை மலையின் நடுவே நாங்கள் சிறுவயதில் உதைபந்தாடிய இடத்தை மைதானம் என்பது சற்று மிகை. ஒரு பக்கம் முழுவதும் சரிவு. பந்து தப்பினால் தேயிலைக்குள் இறங்கித் தேடவேண்டும். அந்தச் சரிவு எங்கள் கால்களுக்குப் பழகியிருந்தது. வெளித்தோட்ட அணிகள் வந்து தோற்றுப் போவார்கள். அதே நாங்கள் ஹட்டனுக்குப் போய்ச் சமதரையில் ஆடினால் பந்து எங்கள் பேச்சைக் கேட்காது.

2019 மார்ச்சில் அந்தச் சரிவு மீண்டும் நினைவில் வந்தது. ஏ.எப்.சி. கிண்ணத்தின் தகுதிச்சுற்றில் கொழும்பு எப்.சி.யும் சென்னையின் எப்.சி.யும் மோதின. சென்னையினுக்கு அதுவே முதல் ஆசியப் பயணம். கொழும்பில் நடந்த முதல் ஆட்டத்தில் எவரும் கோல் அடிக்கவில்லை. எனக்கோ எந்தப் பக்கம் நிற்பதென்றே தெரியவில்லை. மலையகத்தானுக்கு இது புதிய சங்கடமுமல்ல.

சென்னையினின் நிலைமை விசித்திரமானது. 2018இல் ஐ.எஸ்.எல். வாகையராகித் தகுதி பெற்ற கழகம், ஆசியக் களத்தில் இறங்கிய வேளையில் உள்நாட்டு லீக்கின் கடைசி இடத்தில் கிடந்தது. சென்ற ஆண்டின் வெற்றி வாசலைத் திறந்துவிடும். உள்ளே நுழைவது இவ்வாண்டின் களைத்த கால்கள். அதைவிடக் கொடுமை, அவர்களுடைய ‘சொந்த’ ஆட்டம் நடந்தது சென்னையில் அல்ல, ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில். அங்கே ஜேஜே லால்பெக்லுவாவின் ஒற்றைக் கோல் கொழும்பை வெளியேற்றியது.

இத்தகைய தோல்விகளுக்கு ‘அனுபவமின்மை’ என்று தலைப்பிடுவது எங்கள் தொழிலில் சுலபம். நானும் பலமுறை இட்டிருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லில் எனக்கு நம்பிக்கையில்லை. 2021இல் ஆசிய சம்பியன்ஸ் லீக்கின் குழுநிலையில் ஆடிய முதல் இந்தியக் கழகமான எப்.சி. கோவாவுக்கும் அனுபவம் இருக்கவில்லை. பெருந்தொற்றினால் அக்குழுவின் ஆட்டங்கள் அனைத்தும் கோவாவிலேயே நடந்தன. கட்டாரின் அல் ரய்யானுடன் இருமுறையும், அபுதாபியின் அல் வஹ்தாவுடன் ஒருமுறையும் சமநிலை கண்டார்கள். ஈரானின் பெர்செபோலிஸ் அணியிடம் நான்கு கோல்கள் வாங்கியதும் அங்கேதான். சொந்த மண் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. ஆயினும் அந்த மூன்று புள்ளிகளில் பழகிய புல்லின் பங்கும் உண்டென்றே எண்ணுகிறேன்.

நம்மவர் கதை வேறு. 2022இல் களுத்துறையின் புளூ ஸ்டார் நேபாளக் கழகமொன்றை வென்று கொல்கத்தா சென்று, ஏ.டி.கே. மோகன் பகானிடம் 5 - 0 எனத் தோற்றது. அடுத்த ஜனவரியில் பீபா இலங்கைச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை எந்தக் கழகமும் வெளியே ஆட வழியில்லை. அது வீரர்களின் குற்றமல்ல.

சென்ற முறை ஊருக்குப் போனபோது எங்கள் மைதானத்தைப் பார்த்தேன். சமமாக இருந்த பாதியில் மரக்கறிப் பாத்திகள். மிஞ்சிய சரிவில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், இரு கோல் கம்பங்களையும் குறுக்காக நட்டு.